சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்

செய்தி வந்தபோது நான் தோட்டவெளிக் கோவிலில் ஒரு முதல் நற்கருணை விழாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்து பார்த்தால், எல்லாம் எங்கள் ஸ்ரூடியோ முதலாளியின் அழைப்புகள். "ஜெறோம், தேவகி போயிட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுது." உள்ளே வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் குழுப் படத்துக்காக வரிசையில் நின்றார்கள். போய் எடுத்தேன். சிரியுங்கோ என்று அவர்களிடம் சொன்ன குரல் என்னுடையதுதானா என்று இப்போதும் தெரியவில்லை.

தேவகியை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கலியாணமோ சாமத்தியவீடோ திருநாளோ ஒரு முறையாவது வீடியோவாக அவர் கையால் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். முருங்கனில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. தினமும் பஸ்ஸில் மன்னாருக்கு வந்து, ஸ்ரூடியோவின் பின்னறையில் கணினி முன் உட்காருவார். பத்து வருடங்களுக்கு மேலாக நான் எடுத்தேன், அவர் வெட்டினார். எடுப்பவனுக்கும் வெட்டுபவருக்கும் இடையில் என்ன நடக்குமோ அதெல்லாம் எங்களுக்குள் நடந்தது. அதாவது, தினமும் சண்டை.

எந்தப் படம் வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான், ஒலியை முழுக்க நிறுத்திவிடுவார். "சத்தம் உங்களை ஏமாத்திப் போடும். மேளம் அடிச்சா எந்த மாப்பிள்ளையும் சந்தோசமாத்தான் தெரிவான்" என்பார். நான் புதிதாக ட்ரோன் வாங்கி ஆகாயத்திலிருந்து ஒரு கலியாணத்தை எடுத்துக் கொண்டுபோய்ப் பெருமையோடு கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையின்ர உச்சி வழுக்கையை ஏன் ஊருக்குக் காட்டுறியள்?" என்றார். "மேல நிண்டு பார்க்க ஒருத்தர் இருக்கிறார். அவற்ற வேலையை அவர் பார்ப்பார். நீங்கள் கீழ நிண்டு எடுங்கோ." அன்று முழுவதும் அவரோடு நான் கதைக்கவில்லை.

இந்தத் தேவகிக்கு, தாளத்துக்குப் பேசிப் பாடும் றப் பாட்டு வீடியோக்கள் மீது பைத்தியம் இருந்தது. மத்தியானச் சோற்றோடு ஒன்று பார்ப்பார், அதுவும் சத்தமில்லாமல். நெல்லு விக்கிற வீட்டில பிறந்த உங்களுக்கு உதில என்ன கிடக்கு என்று நான் கேலி செய்வேன். "எல்லா றப்காரனும் கமெராவுக்கு விரலை நீட்டுறான். விரலைப் பாராதேங்கோ. எங்க நிண்டு நீட்டுறான் எண்டு பாருங்கோ." பிறகு சோற்றுக் கையாலேயே திரையைக் காட்டி விளக்குவார். இங்கே கமெரா தரையில் கிடக்கிறது, ஆளைப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். இங்கே புகை விட்டிருக்கிறார்கள், பின்னால் காட்டக் கூடாத சுவர் இருக்கிறது. இந்தக் கார் இரவல் கார், சாய்ந்து நிற்கப் பயப்படுகிறான். சிரிப்பில் எனக்குப் புரையேறும்.

என் தம்பி றொசான் ஒரு றப் பாட்டு எழுதினான். வங்காலையில் எங்கள் வீடு. அப்பாவைப்போல அவனும் கடலுக்குப் போகிறவன். இழுவைப் படகுகள் கடலடியை மீனோடு வழித்துக்கொண்டு போக, எங்கள் படகு இஞ்சின் வீட்டு மூலையில் சும்மா கிடந்த காலம் அது. பாட்டு அதைப் பற்றியதுதான். இரவல் கார் வேண்டாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான். தவக்காலத்தின் கடைசியில் கோவில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்போம் அல்லவா, அப்படி அந்த இஞ்சினை ஊதாத் துணியால் மூடி, திருநாளில் மாதாவின் சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டைப்போல ஒரு கூடு செய்து, தம்பி உட்பட நான்கு பேர் தோளில் வைத்துக் கடலை நோக்கி நடப்பதாக எடுத்தோம். கமெரா நான். வெட்டியவர் தேவகி.

அதில் ஒரு பிழை இருந்தது. கூடு என்னைக் கடக்கும்போது படம் திடீரென்று கீழே இறங்கி, மணலோடு ஒரு கணம் நின்று, பிறகு மேலே எழும்புகிறது. கால் தடுக்கியிருக்கும் என்று நினைத்து, அதை வெட்டிவிடச் சொன்னேன். "கிடக்கட்டும்" என்றார் தேவகி.

வீடியோ வெளிவந்ததும் ஊர் கொதித்தது. மாதாவைக் கேலி செய்துவிட்டார்கள் என்றது பங்குச்சபை. ஊர் சொன்னதைத் தாங்கியிருப்போம். ஆனால் எங்கள் அப்பா காலமெல்லாம் மாதாவின் கூட்டைத் தோளில் சுமந்தவர். வீடியோவை அவர் பார்க்கவில்லை, ஒழுங்கையில் யாரோ சத்தமாகப் போட்ட பாட்டை மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரு சொல் கிடையாது. அவர் எழும்பிப் போன பிறகே இவன் சாப்பிட உட்காருவான். அம்மா குசினிக்குள் நின்று அழுவார்.

பங்குத்தந்தை பொறுமையான மனிதர். எல்லாரும் ஒரு முறை சேர்ந்து பார்த்துவிட்டுக் கதைப்போம் என்று கோவில் மண்டபத்துக்கு அழைத்தார். தேவகி முருங்கனிலிருந்து தானாகவே வந்தார். முன்னுக்குப் போய், "முதல் சத்தம் இல்லாமப் பாப்பம்" என்றார். பாட்டைக் கேட்காமல் என்ன பார்வை என்று எங்கள் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். அப்பா பின்கதவோரம் நின்றார், உட்காரவில்லை.

திரையில் சத்தமில்லாமல் நான்கு பேர் மணலில் நடந்தார்கள். பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் கமெராவைப் பார்த்து விரல் நீட்டவில்லை. படம் கீழே இறங்கிய இடத்தில் தேவகி நிறுத்தினார்.

"இந்த இடத்தைப் பிழையெண்டு வெட்டச் சொன்னவர் ஜெறோம். நான் வெட்டேல்லை. கமெரா ஏன் பணிஞ்சது? நான் சைவக்காரி. நீங்கள்தான் சொல்லவேணும்."

முன்வரிசையில் செபமாலையோடு இருந்த திரேசா மாமி சொன்னார்: "இதென்ன கேள்வி பிள்ளை? கூடு வருகுது, பொடியன் முழந்தாளிட்டிருக்கிறான்."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இஞ்சின் என்று தெரிந்தும், சிறு வயதிலிருந்து பழகிய முழங்கால் என்னைக் கேட்காமலே மடிந்திருக்கிறது. கேலி செய்ய வந்தவனின் முழங்கால் அப்படி மடியாது என்பதை அந்த மண்டபத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார். "திரும்பப் போடுங்கோ, பிள்ளை." தேவகி போட்டார். அப்பா திரைக்குக் கிட்டப் போய்த் தம்பியின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "துவாயை மடிச்சுத் தோளில போடாமத் தூக்கினனியே? தோள் கண்டிச் சிவந்து போயிருக்குமே" என்றார். தம்பி "ஓம் அப்பா, கண்டினதுதான்" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, அழுதுவிட்டான். பங்குச்சபையில் ஒருவருக்குப் பாட்டின் ஒரு வரி இன்றைக்கும் பிடிக்காது. அது அவர் பாடு.

பிறகு ஒரு நாள் தேவகியிடம் கேட்டேன். எங்கள் திருநாள்களை இத்தனை வருடம் வெட்டியவருக்கு, கூடு வரும்போது சனம் முழந்தாளிடுவது தெரியாதா? சிரித்தார். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நான் சொல்லியிருந்தா அது வெட்டின ஆளின்ர விளக்கம். அவை சொன்னதால அது அவையின்ர." கெட்டிக்காரி. அன்றைக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

முருங்கனில் செத்தவீட்டுக்கு அப்பாவும் தம்பியும் நானும் போனோம். முதலாளி கமெராவைக் கொண்டுபோகச் சொன்னார், மாட்டேன் என்றேன். பெட்டியைத் தூக்கும் நேரம் தம்பி தேவகியின் கணவரிடம் போய், "நானும் ஒரு தோள் குடுக்கட்டே அண்ணை?" என்று கேட்டான். அவர் தலையாட்டினார். அப்பா தன் கழுத்திலிருந்த துவாயை எடுத்து, நாலாக மடித்து, அவன் தோளில் வைத்து, கையால் ஒரு முறை அழுத்திவிட்டார். பெட்டி என்னைக் கடந்தபோது என் முழங்கால் மடிந்தது. சுற்றி நின்ற வயல்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். தேவகி என்றால் அந்த இடத்தை வெட்டாமல் விட்டிருப்பார்.

இப்போது வெட்டும் வேலையையும் நானே பார்க்கிறேன். எந்தப் படத்தையும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன். பிழை என்று தோன்றும் இடத்தில் கை வைக்குமுன், ஏன் என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் அவருடையவை. இரவில் வீட்டுக்குப் போனால், அப்பாவும் தம்பியும் வலையைப் பற்றியும் எண்ணெய் விலையைப் பற்றியும் சோற்றுக் கையோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒழுங்கை முனை வரை கேட்கும். அதுவும் அவர் தந்ததுதான். அந்தச் சத்தத்தை மட்டும் நான் நிறுத்துவதில்லை.