நாற்று முடிக்கு ஈடாக ஒரு பேச்சு

இதைப் படிக்கிறவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் வேலை உங்களுக்கு இல்லை. தீர்ப்பு அன்றைக்கே வழங்கப்பட்டுவிட்டது. வழங்கியவர்கள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். என்னோடு அந்த வரப்பில் நின்று கேட்டுக்கொண்டால் போதும்.

முதலில் என் தகுதி. நான் இயந்திரப் பொறியியல் பட்டதாரி. கல்லூரி மேடைகளில் நான் எழுந்தால் எதிரணியினர் தங்கள் குறிப்புகளை அவசரமாகப் புரட்டத் தொடங்குவார்கள். திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் எந்தத் திருவிழாவில் பட்டிமன்றம் நடந்தாலும் ஏதேனும் ஓர் அணியில் நான் இருப்பேன். குறை ஒன்றுதான்: வேலை இல்லை. அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அது பட்டத்துக்கு ஏற்ற இடமா என்று யோசித்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருந்தேன். யோசனையிலேயே இரண்டு குறுவைப் பருவம் கழிந்து, மூன்றாவது குறுவைக்குக் குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் குறுவையில்தான் தங்கை பள்ளிப்படிப்பை முடித்திருந்தாள். தஞ்சாவூரில் ஓர் அரசுக் கல்லூரியில் கணிதம், கணினி அறிவியல் இரண்டிலும் அவளுக்கு இடம் கிடைக்கும் நிலை. மறுநாள் காலைக் கலந்தாய்வில் எது வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அப்பா, "படிச்சவன் நீ, நீயே பாத்துச் சொல்லுடா" என்று போனில் முடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். கணினி என்று முடிவு செய்தேன். பட்டம் ஒரு சாவி, வேலைதான் அது திறக்கும் பூட்டு. பூட்டே இல்லாத ஊரில் சாவி எதற்கு? மேடைதோறும் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வாதம் அது.

தங்கைக்குக் கணிதத்தின் மேல்தான் ஆசை. ஆனாலும் என்னோடு வாதாடவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் அண்ணே" என்றாள். அம்மா நடவுக்குப் போயிருந்தார். இருவரும் வாய்க்கால் கரையோடு நடந்து அந்த வயலுக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது யார் வரப்பில் வந்து நின்றாலும், பெண்கள் பறித்துக் கட்டிய நாற்று முடி ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துக் குலவையிடுவார்கள். வந்தவர் ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் நகர முடியாது. என் காலடியிலும் ஒரு முடி வந்து விழுந்தது.

"வாங்க இஞ்சினியரே! நாத்து வச்சாச்சு. பையில கைய விடுங்க பாப்போம்."

"அவன் பையில என்னடி இருக்கும்? பழைய பஸ் டிக்கெட்டுதான் இருக்கும்."

வரிசை முழுவதும் சிரித்தது. குனிந்தபடியே அம்மாவும் சிரித்தார். எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர்தான் வழி சொன்னார்: "காசு வேணாம்ப்பா. ஊரு ஊரா மைக்கு புடிச்சுப் பேசுறியே, எங்களுக்கும் ஒரு பேச்சு குடு. கேட்டுக்கிட்டே நடுறோம்."

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? மார்பை நிமிர்த்தினேன். "சேற்றில் கால் வைத்து எங்களுக்குச் சோறு தரும் தாய்மார்களே!"

"ஐஸு வைக்காம விசயத்துக்கு வா."

வந்தேன். தங்கையின் படிப்பையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். வேலையற்ற பட்டதாரிகளின் துயரத்தைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், பூட்டைச் சொன்னேன். குரல் நான் நினைத்த இடத்தில் ஏறி, நினைத்த இடத்தில் இறங்கியது. ஆனால் கைதட்டல் இல்லை. எல்லாருடைய கைகளிலும் நாற்று இருந்தது. அந்தக் கைகள் ஒரு கணமும் நிற்காமல் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தன.

"ஒத்தக் கட்சியா ஒரு பட்டிமன்றம் உண்டா?" என்றார் பெரியம்மா. "பாப்பா, ஒன் கட்சி என்ன?"

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அண்ணனுக்குத் தமிழுன்னா உசுரு, பெரியம்மா. மெக்கானிக்கல் எடுத்தா வேலை நிச்சயம்னு எல்லாரும் சொன்னாங்க, அண்ணனும் அதுல சேந்துச்சு. வேலையும் வரல, தமிழும் படிக்க முடியல. நான் கணக்கு எடுத்து வேலை வரலன்னாலும் கணக்காவது எங்கிட்ட இருக்கும். கம்ப்யூட்டர் எடுத்து வேலை வரலன்னா எங்கிட்ட என்ன இருக்கும்?"

கைகள் நின்றன.

சாட்சியே, இதைக் கவனியுங்கள். நடவு வரிசை பாதியில் நிற்பதில்லை. ஒருத்தி நின்றால் மற்றவர்களின் நிரை கலைந்துவிடும். அன்று வரிசை முழுவதும் ஒன்றாக நின்றது. மடையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆயிரம் பேர் கூடிய பந்தலில்கூட அப்படியொரு மௌனத்தை நான் பெற்றதில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில் படித்தவள். இவளுக்குள் இப்படியொரு குரல் இருந்ததை நான் அறிந்ததே இல்லை.

"கணக்கு வயித்த நெறைக்குமா பாப்பா?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரியல அத்தை. அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அண்ணனுக்கும் அன்னிக்கு உறுதியாத்தான் சொன்னாங்க."

பெரியம்மா முதலில் குலவையிட்டார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, ஈரக் கைகள் வாயருகே போக, அந்த ஒலி எழுந்து அடுத்த வயலின் கொக்குகளைக் கிளப்பியது. ஏன் என்று தெரியாமலேயே நான் கைகூப்பி நின்றேன்.

குலவை அடங்கியதும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் பார்த்தது தங்கையை அல்ல, என்னை.

"கணக்குன்னா மேல மேல படிக்கணும். அஞ்சாறு வருசம் போவும். நானும் ஒங்கப்பாவும் எவ்வளவு நாளைக்கு இழுப்போம்? அதுக்கு ஒரு வழி தெரிஞ்சா, நான் இப்பவே சரின்னுருவேன்."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் குனிந்து காலடியில் கிடந்த நாற்று முடியை எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி, அதை அம்மாவின் கையில் கொடுத்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, மேடைத் தமிழை விட்டுவிட்டுச் சொன்னேன்:

"நாளைக்குப் பாப்பாவ கணக்குல சேத்துட்டு, அங்கேருந்து நேரா பட்டறைக்குப் போறேம்மா. இவ படிப்ப முடிக்கிற வரைக்கும், எந்த வேலையையும் என் பட்டத்துக்குக் கொறச்சல்னு சொல்ல மாட்டேன். இவங்க எல்லாரும் சாட்சி."