சமாதிக் குழிக்குள் இறங்கிய அன்று

பேய், குறி கேட்பது, சாமியாடுவது, இதில் எதிலும் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. நான் நர்சிங் படித்தவள். நோயாளி பக்கத்தில் போனால் நாடி, நெஞ்சு, மூச்சு, கண் என்று வரிசையாகப் பார்த்துத்தான் பழக்கம், வரிசை தப்பினால் மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன். நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. இதுவரை கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை.

விராலிமலைக்குத் தெற்கே ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு பொட்டல், அதில் ஒரு பாறை, பாறையடியில் இரண்டு கீற்றுக் கொட்டகை. அங்கேதான் சாமி இருந்தார். பெயரென்று எதையும் அவர் சொன்னதில்லை, எல்லோருக்கும் சாமிதான். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் காலில் இருந்த ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடப் போனேன். புண் ஆறியது, நான் போவது நிற்கவில்லை. மந்திரம், உபதேசம் என்று எதுவும் அவர் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் என் தலைக்குள் ஓயாமல் ஓடும் கணக்கெல்லாம் நின்றுவிடும், அவ்வளவுதான். அப்பா போன பிறகு அப்படி ஒரு இடம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. சிஷ்யை என்று சொன்னால் அவரே சிரிப்பார், ஆனால் நான் அவருடைய சிஷ்யைதான்.

சில நாள் அவர் நிஷ்டையில் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது தொட்டுப் பார்த்தேன், மணிக்கட்டில் நாடி இல்லை, கழுத்திலும் இல்லை. நான் அழ ஆரம்பித்த பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"என்ன நர்சம்மா, என்னைய அனுப்பி வச்சுட்டியா? போறவனுக்கு ஒரு டீயாவது குடுத்து அனுப்பு."

கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் எல்லோரையும் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு நான் அசையாமக் கெடந்தா அவசரப்பட்டு மூடிப்புடாதீங்கப்பா. இந்தப் புள்ள பாத்துச் சொல்லட்டும்."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ராமையா அண்ணன் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். லாரி ஓட்டியவர், எங்களில் முதலில் சாமியிடம் வந்தவர், அங்கே எந்தக் காரியமும் அவர் சொல்படிதான் நடக்கும்.

அடுத்து வந்த சித்திரையில் ஒருநாள் விடிந்ததும் ராமையா அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது சாமி பாயில் மல்லாந்து கிடந்தார். நாடி இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன், சத்தம் இல்லை. மூக்கடியில் கண்ணாடி வைத்தேன், மங்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்தேன், கண்மணி சுருங்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். பிறகு இல்லை என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அழுது முடித்ததும் வேலை தொடங்கியது. சாமியார்களை எரிப்பதில்லை, உட்கார்ந்த நிலையிலேயே குழிக்குள் வைத்து, சுற்றிலும் உப்பு, விபூதி, கற்பூரம் நிரப்பி, மேலே கல்லை வைத்து மூடுவார்கள். குழி வெட்டவே மத்தியானம் தாண்டிவிட்டது. குளிப்பாட்டி, பத்மாசனத்தில் உட்கார வைக்கக் காலை மடித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மடங்கியது. தூங்குகிற குழந்தையின் காலை மடிப்பது போல மடங்கியது.

விடியற்காலையில் போன உடம்பு அந்த நேரத்துக்கு விறைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரமே விறைக்கும். நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன், மடங்கின. கழுத்தைத் திருப்பினேன், திரும்பியது. சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள், மகான்களின் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கோ பயம் பிடித்தது. உயிருள்ள மனிதரை இவர்கள் புதைக்கப் போகிறார்களோ, அதுவும் என் சொல்லை நம்பி.

ராமையா அண்ணனிடம் போய், ஒரே ஒரு ராத்திரி பொறுங்கள், திருச்சியிலிருந்து டாக்டரைக் கூட்டிவரலாம் என்று கெஞ்சினேன். பொழுது சாய்வதற்குள் வைத்துவிட வேண்டும், சனங்கள் வந்துவிட்டார்கள், காலையில் நீதானே சொன்னாய் என்றார். நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அழுது ஓய்ந்த ஒரு பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

குழிக்குள் இறக்கினார்கள். உப்பு மூட்டைகளைக் கொட்டினார்கள், உப்பு இடுப்பு மட்டத்துக்கு வந்ததும் விபூதியைக் கொட்ட ஆரம்பித்தார்கள், அது புகை மாதிரி மேலே எழும்பியது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. பொம்பளை உள்ளே இறங்கக் கூடாதுங்க என்று யாரோ கத்துவதற்குள் நான் குதித்துவிட்டேன்.

முழங்கால் வரை உப்பு. மண்டியிட்டு ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தேன்.

கேட்டது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் கேட்டது. அவசரமே இல்லாத ஒரு துடிப்பு. பயந்தவர்களுக்குத் தங்கள் ரத்த ஓட்டமே காதில் கேட்கும், அது எனக்குத் தெரியும், அதனால் இன்னொரு கையால் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். என் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது அதுவல்ல.

நிறுத்துங்கள், உயிர் இருக்கிறது என்று அலறினேன். மேலே சலசலப்பு. ராமையா அண்ணன் குழிக்குள் இறங்கி, குழாயை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, நெஞ்சில் இருக்க வேண்டிய வட்டம் நழுவி உப்பில் கிடந்தது. நான் எடுத்துச் சரியாக வைப்பதற்குள் அவர் காதிலிருந்து கழற்றிவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இல்ல" என்றார். "ஒண்ணும் இல்ல."

நீங்கள் சரியாக வைக்கவில்லை அண்ணே, இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அவர் காலைப் பிடித்தேன். அவர் என்னை அப்படியே தூக்கி மேலே நின்றவர்களிடம் கொடுத்தார். இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கல் நகர்கிற சத்தம் வரை நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

மறுநாளிலிருந்து மண்டலம் முடியும் வரை தினமும் போய்க் கல்லின் மேல் படுத்துக் காதை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. என்னைப் பித்துப்பிடித்தவள் என்றார்கள். நான் வேலைக்குத் திரும்பினேன், வார்டில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன்.

சில வருஷம் கழித்து ராமையா அண்ணன் ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இளைத்திருந்தார். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அத எடுக்காத தங்கச்சி."

ஏன் என்று கேட்டேன். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு."

துடிப்பா என்றேன்.

"துடிப்பு இல்ல. பேசுனாங்க."

"யாரு?"

"யாருன்னு கேக்குறியே. சாமிதான். 'இந்தப் புள்ளைய மொதல்ல மேல ஏத்து ராமையா, அது தாங்காது. ஏத்திட்டு மூடிரு'ன்னாங்க. அவங்க சொன்னத நான் என்னைக்குத் தட்டிருக்கேன்? அதான் இல்லைன்னு சொன்னேன்."

அன்று குழிக்குள் நான் சாமியின் உதட்டுக்கு ஒரு முழ தூரத்தில்தான் இருந்தேன். உதடு அசையவில்லை. எனக்கு எந்தப் பேச்சும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள், மனசு அப்படித்தான் எதையாவது கேட்கும் என்று நோயாளிகளுக்குச் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பொய்யாகக் கேட்டது.

அவர் பட்டையைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"இருக்கும் தங்கச்சி. ஆனா பேசையில நடுவுல ஒரு தடவ இருமுனாங்க. விபூதி நெஞ்சுல ஏறிருச்சு போல."

இறந்தவர் பேசினார் என்பதைக்கூட நான் எப்படியோ ஒப்புக்கொண்டுவிடுவேன். மூச்சு விடாதவருக்கு இருமல் எப்படி வரும்?