அளவு மாறிய முதுகுப்பை

பை தைக்கும் பட்டறையில் அவளுக்குச் ‘சிகரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்கு மேலே வெள்ளையாகத் தெரியும் உச்சியில் ஒருநாள் போய் நிற்க வேண்டும் என்று, கல்யாணத்துக்கு முன்பே தனக்கென்று ஒரு முதுகுப்பையைத் தைத்து வைத்தவள் அவள். பிறகு குழந்தைகள், படுக்கையில் விழுந்த மாமியார், தேய்ந்துபோன முழங்கால். பை பீரோ மேலேயே கிடந்தது.

கடைசி மகளும் வேலைக்குப் போன பிறகு அதைத் தூசி தட்டி இறக்கினாள். கூடவே நாத்தனாரும் கிளம்பினாள். நாற்காலி மேல் ஏறி நிற்கவே பயப்படுகிறவள் அவள். ஆனால் அண்ணியைத் தனியாக விட்டால் அண்ணன் தன்னைத்தான் பிடித்துக்கொள்வான் என்பது அவள் கவலை.

ரோப் கார் வேண்டாம், நடந்தே ஏறலாம் என்றாள் சிகரம். பாதி வழியில் பை தன் வேலையைக் காட்டியது. வார் தோளை அறுத்தது. இடுப்புப் பட்டை பூட்டவே மாட்டேன் என்றது. ஊராருக்கெல்லாம் வாரை நீட்டிக் குறைக்கப் பக்கிள் வைத்துத் தைக்கிறவள், தன் பைக்கு மட்டும் வைக்கவில்லை. தன் உடம்பு மாறும் என்று அந்த வயதில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“மலை எங்கயும் ஓடிடாது அண்ணி. என் உயிருதான் முன்னாடி ஓடுது,” என்று நாத்தனார் பாறைக்குப் பாறை உட்கார்ந்தாள்.

மதியம் உச்சிக்குக் கீழே இருந்த சமதரைக்கு வந்து சேர்ந்தார்கள். மரங்களெல்லாம் கீழேயே நின்றுவிட்டன. இனிமேல் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். அங்கே உச்சிக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி அவளை நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். நாளைக்குப் போகிறவர்களோடு ஓர் இடம் இருக்கிறது, ஆனால் நடுவில் கால் மடங்கினால் எல்லோரும் திரும்ப வேண்டியிருக்கும், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார்.

அவள் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருடமும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். பிறகு திரும்பிக் கீழே பார்த்தாள்.

மேகம் காலுக்கடியில் கிடந்தது. அதன் கிழிசல் வழியே ஊர், கொட்டிப்போன பட்டன் டப்பா மாதிரித் தெரிந்தது. பெரிய பறவை ஒன்று அவளுக்குக் கீழே வட்டமிட்டது. வெயில் அதன் முதுகில் பளபளத்தது. பறக்கிற பறவையின் முதுகை அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு இருந்த அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள் வழிகாட்டியிடம். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்துப் பையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் போட்ட தையல், லேசில் விடவில்லை.

நாத்தனார் பதறிப்போனாள். “என்ன அண்ணி இது, இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்தீங்க.”

“வச்சிருந்தது போதும்டி. உக்காரு, பாறை சில்லுனு இருக்கு.”

விரித்துப் போட்டால் இரண்டு பேருக்குத் தாராளமாக இருந்தது. காலை நீட்டி, காற்று முகத்தில் அறைய, பசி எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். விளிம்பை நோக்கி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது நாத்தனார்தான்.

“இறங்கறப்பவாவது ரோப் கார்தானே?” என்றாள் அவள்.

“ஆமா. முன் ஜன்னலு எனக்கு,” என்றாள் சிகரம்.