படகுத்துறையில் இரண்டு பட்டன்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், அடுத்தவர்களுக்குப் பாடம் சொல்வது போல எழுத வந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். கேம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு என் தவறு ஒன்று உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. விதிப்படி எழுதியது

என் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தவர்கள். குடும்பத்தின் பயணக் காகிதத்தில் பாக்கியம் என்றொரு மகள் பெயர் இருந்தது. கிளம்புவதற்கு முன்பே காய்ச்சலில் அவள் இறந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் தாய் தகப்பன் இல்லாத ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளைப் பாக்கியம் என்று சொல்லி அம்மா கூட்டி வந்துவிட்டார். அந்தச் சிறுமிதான் என் அக்கா. நான் இங்கே வந்து பிறந்தவள்.

இதை நாவலாக எழுதினேன். அதைப் படித்த ஒரு சென்னைக் கம்பெனி, கேமாகவும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. அக்கா சரி என்றார்.

கேமில் முடிவெடுக்கும் இடம் வந்தால் ஆடுபவருக்கு இரண்டு பட்டன் தர வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வழியில் போகும். இதற்கு பிராஞ்ச் என்று பெயர். படகுத்துறையில் அதிகாரி சிறுமியைக் காட்டி, "இது உங்க பொண்ணா?" என்று கேட்பார். 'ஆமாம்' ஒரு பட்டன், 'இல்லை' ஒரு பட்டன். 'இல்லை'யை அழுத்தினால் கப்பல் போய்விடும், சிறுமி துறையில் நிற்பாள். அந்தக் காட்சி நன்றாக வந்ததாகக்கூட நினைத்தேன்.

2. வெள்ளிமலையில்

ஆடுவதற்குத் தயாரான கேமைப் பில்ட் என்பார்கள். அது லாக் ஆகிவிட்டால் பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. லாக் நாலு மணிக்கு. அன்று மதியம்தான் அக்கா இருக்கும் வெள்ளிமலைக்குப் போய், போனில் கேமைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"இம்மாம் பெரிய மூக்காடி எனக்கு?" என்று கேமில் வரும் சிறுமியைப் பார்த்துச் சிரித்தார். துறைக் காட்சி வந்தது. 'இல்லை'யை அழுத்தினார். கப்பல் போனது. சிரிப்பு நின்றது.

"இன்னாடி இது? என்னை வுட்டுட்டுப் போறதுக்கும் ஒரு பட்டன் வச்சிக்கிற?"

"கேம்னா ரெண்டு வழி இருக்கணும்க்கா."

"அந்தாளு கேக்க சொல்ல அம்மா என் கைய நசுக்கிக்கினு நின்னாங்க. ரெண்டு நாளு விரலு வீங்கிக்கினு இருந்துது. அவங்க யோசிக்கவே இல்லடி. இப்ப கண்டவன்லாம் குந்திக்கினு யோசிப்பானா, என்னை இட்டுக்கினு போலாமா வாணாமான்னு?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

3. இருபது நிமிடம்

பஸ் நிற்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். ஓடினேன். மணி மூன்று நாற்பது. கம்பெனியில் பில்ட் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"மேடம், இப்போ பட்டனைத் தூக்குனா சீனே கிராஷ் ஆயிடும்."

"பட்டன் இருக்கட்டும் தம்பி. பதிலை மாத்திக்கலாமா?"

"வசன ஷீட்ல மாத்துங்க. நாலுக்கு எடுத்துடுவேன். ஆனா ஆடுறவங்க திட்டுவாங்க மேடம், ஏமாத்திட்டாங்கன்னு."

"திட்டட்டும்."

போனிலேயே ஷீட்டைத் திறந்தேன். 'இல்லை'க்கு நேரே, "எங்க பொண்ணுதாங்க" என்று அடித்தேன். அடுத்த காட்சிக்கு 'ஆமாம்' வழியின் எண்ணையே போட்டேன். சேமிக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு வட்டம் நின்றது.

திரும்பி வந்து, "மாத்திட்டேன்க்கா" என்றேன்.

"அழுத்திப் பாத்தாதான் நம்புவேன்" என்றார். அன்று அங்கேயே தங்கினேன்.

பிள்ளைகளே, விதி தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு காட்சியில் நிஜமாகவே நின்றவர் உயிரோடு இருந்தால், எழுதுவதற்கு முன்பே அவரிடம் போங்கள். லாக் நாளில் போகாதீர்கள்.

மறுநாள் காலை புது பில்ட் வந்தது. இரண்டு பட்டனுக்கும் ஒரே பதில் வருகிறது, இது தவறு என்று கேமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒருவர் எழுதியிருந்தார். அக்கா 'இல்லை'யை ஐந்து தடவை அழுத்தினார்.