சஹனில் மச்சானின் பக்கம்

"…அதுக்காக என்னை மட்டும் தனிக் கோப்பையில தின்னச் சொல்றியா? எனக்கென்ன தொத்து வருத்தமா இரிக்கி?" என்றார் மச்சான், என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை. எண்பதுகளின் தொடக்கம்; ரியாதுக்கு வெளியே எங்கள் கம்பெனிக் காம்ப். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ஆறு பேரும் சஹனைச் சுற்றி இருந்தோம். அந்தப் பெரிய வட்டத் தட்டு நிறைய நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும். பக்கத்தில் நான் வைத்த சின்னக் கோப்பையில் உப்பில்லாத வெள்ளைச் சோறும் அவித்த பூசணியும்.

"மச்சான்ட பங்கு இறைச்சிய நான் பொறுப்பெடுக்கிறன்" என்று ஒருவன் பகிடி விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது புதினமாக இருக்கும். இங்கே ஏசி அறையில் சாப்பிட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் சஹனின் அடியில் கொழுப்பு மெழுகுபோல வெள்ளையாக உறைந்துவிடும். நகத்தால் சுரண்ட வேண்டும். இலங்கையில் எங்கள் ஊரான கல்முனைக்குடியின் கடற்கரை வெக்கையில் அது உறைந்து நான் கண்டதேயில்லை. கண்ணில் படாததை இல்லையென்றே நினைத்திருந்தோம்.

அங்கே சஹன் கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் பெருநாளுக்கும்தான். மற்ற நாளெல்லாம் சோறு, மீன் ஆணம், கீரை. மச்சான் விடியவே சைக்கிள் மிதித்து வயலுக்குப் போய், வரம்பு கட்டி, வியர்த்துக் கொட்டத் திரும்பி வருவார். இங்கே அவர் ஸ்டோர் கீப்பர். காலையில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீர் மட்டும். பகல் முழுக்கக் கதிரையில் இருந்தபடி வேலை. பின்னேரம் பசி முற்றி வந்து ஒரே இருப்பில் முழுச் சாப்பாடு. கழுவ ஒரு தட்டுப் போதுமென்று தினமும் சஹன். நல்ல துண்டைத் தான் எடுக்காமல் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம் அல்லவா? மச்சான்தான் எங்களில் மூத்தவர். ஐந்து கைகளும் அவர் பக்கமே தள்ளும், கொழுப்புத் துண்டென்றால் இன்னும் ஆசையாக. அதில் ஒரு கை என்னுடையது.

அவருக்குப் பிரஷரும் இரத்தத்தில் கொழுப்பும் கூடியிருப்பதாகத் தெரிந்த நாளில், எகிப்துக்கார டாக்டர் ஒரு நேரத்துக்கு எத்தனை கோப்பை சோறு என்று கேட்டார். மச்சான் ஒரு விரலைக் காட்டி "வாஹித்" என்றார். "தய்யிப், தய்யிப்" என்று டாக்டர் சந்தோஷப்பட்டு மாத்திரை மட்டும் எழுதினார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் அடுத்த அறையிலிருந்த, பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்காரருக்கு ஒரு காலையில் நெஞ்சு நொந்தது. "நெஞ்சுக்க வாய்வு அடைச்சிரிக்கி, இஞ்சித் தேத்தண்ணி குடிச்சாச் சரி" என்றார். குடித்தார், சரிந்தார். பகல் லுஹர் தொழுகைக்கு முதல் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கியது நான். வீட்டுக்குக் கடிதம் எழுதியதும் நான். அன்றிலிருந்து மச்சான் ஏப்பம் விட்டாலும் எழும்பிப் போய் அவர் முகத்தைப் பார்ப்பேன். ராத்தாவுக்கு எழுத வேண்டி வந்தால் எப்படித் தொடங்குவது என்று வரிகள் தாமாகவே தலைக்குள் ஓடும். பயம் தாங்காமல் தனியாக டாக்டரிடம் போய், அந்த ஒரு கோப்பை எங்கள் சஹன்தான் என்று அதன் அகலத்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. உப்பும் நெய்யும் கொழுப்பும் குறைய வேண்டும், மூன்று நேரமும் அளவாகச் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், நெஞ்சு நொந்தால் அந்த நிமிஷமே கொண்டுவர வேண்டும் என்றார். முதலில் அவருக்குத் தனிக் கோப்பை வை என்றார்.

டாக்டருக்கு அது லேசான சொல். கலியாணத்தன்று எங்கள் வாப்பா மச்சானைத் தன் சஹனில் இருத்தி, இறைச்சியைப் பிய்த்து அவர் பக்கம் வைத்து, "இனி நீங்க எங்கட ஆள்" என்றார். அந்த மனிசனைச் சஹனிலிருந்து நான் எப்படிப் பிரிப்பேன்? மூன்று கிழமை தயங்கித் தயங்கித்தான் அந்தக் கோப்பையை வைத்தேன்.

"என்ன வாய மூடிட்டு இரிக்காய்? சொல்லன்" என்றார் மச்சான்.

"ராத்தாவுக்கு அந்தக் கடிதத்த எழுத எனக்கு ஏலா மச்சான்."

"எந்தக் கடிதம்?"

"அடுத்த அறையாருக்கு எழுதின மாதிரி."

மச்சான் கோப்பையைக் கையில் எடுத்தார். எழும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் முன்னாலிருந்த நெய்ச்சோற்றை எங்கள் பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் கோப்பையைக் கவிழ்த்தார். இரண்டு சோற்றுக்கும் நடுவே சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்தார். நெய் மெல்ல மெல்லக் கோட்டுக்குள் கசிந்து வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், விரலால் கோட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். இடது கையால் சட்டைப் பையிலிருந்த மாத்திரை சுற்றிய கடதாசிச் சரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று உப்பில்லாத சோற்றில் கை வைத்தார்.