கயிறு பிடிக்கிறவர் மகன்

தேங்காய் எண்ணெயும் கடல் உப்பும் சேர்ந்து பிசுபிசுக்கும் தலைமயிருக்கு அடியில் மண்டை எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது குட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோதே எனக்குத் தெரிந்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் படித்த முனிசிபல் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் நிற்கிறவர்கள் தலையிலெல்லாம், விடை சொன்ன பிள்ளை வரிசையாக ஒரு ‘குட்டு’ வைத்துக்கொண்டே போய் முதல் இடத்தில் உட்கார வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வேறு எதைக் கொடுத்ததோ இல்லையோ, இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது.

மூன்றாம் வகுப்பில் இருந்த என்னைப் பெரிய வாத்தியார் ‘டபுள் புரமோஷன்’ என்று சொல்லி ஒரே தாவலில் ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார். தெருவே மெச்சியது. எனக்கோ பழைய வகுப்பே போதும் என்றிருந்தது. ஐந்தாம் வகுப்பில் மீசை அரும்பிய பையன்கள் இருந்தார்கள்; அவர்களில் ஒருவன் என் தாய்மாமன் மகன், சூசை மச்சான். அவன் தலை எனக்கு எட்டாது. நான் குட்டுவதற்காக அவன் முழங்கால் போட வேண்டும், வகுப்பே சிரிக்கும்.

சிரிப்புக்குப் பயப்படவில்லை நான். என் அப்பா சங்கு குளிக்கிறவர். இடுப்புக் கயிற்றோடு கடலுக்குள் இறங்கி, மூச்சு முட்டும்போது அந்தக் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார்; வள்ளத்தில் நிற்கிறவர் உடனே வலித்து மேலே தூக்க வேண்டும். அப்படி நின்று கயிறு பிடித்தவர் சூசையின் அப்பா, என் மாமா. அதனால் குளி நடக்கிற மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் மாமா வீட்டாரிடம் குரல் உயர்த்தியது கிடையாது. அவர்கள் ஆடு வந்து எங்கள் கருவாட்டை மிதித்துப் போட்டாலும் அம்மா சிரித்துக்கொண்டே ஓட்டிவிடுவாள். “குளி முடியுத மட்டும் அண்ணன் வீட்டப் பகைக்கப் பிடாதுளா” என்பாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், கயிறு பிடிக்கிறவர் மகன் தலையில் தினமும் குட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அப்பா மூக்கில் ரத்தம் கசிய வீடு வந்து சேர்ந்தார். நீரோட்டம் இழுத்துவிட்டது, மேலே வரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அன்று மாமா எங்கள் வீட்டில் வெற்றிலை போடாமல் வாசலோடு போய்விட்டார். மாமா வேண்டுமென்றே கயிற்றை மெதுவாக வலித்தார் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. யுத்த காலம் அது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று ஊரே வானத்தைப் பார்த்து நடுங்கியது, நான் மட்டும் மாமாவின் கையைப் பார்த்து நடுங்கினேன்.

மறுநாளிலிருந்து வகுப்பில் நான் ஊமை. தெரிந்த விடையையும் விழுங்கிவிட்டு, மற்றவர்கள் கையால் குட்டு வாங்கிக்கொண்டு கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் முன்னாலும் இப்படி நின்றால் மேல்படிப்புக்கான ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, பழைய வகுப்புக்கே போக வேண்டியதுதான் என்று பெரிய வாத்தியார் வருத்தத்தோடு எச்சரித்தார். அதைவிட நிம்மதியான செய்தி எனக்கு இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வழியில் சூசை மச்சான் என்னை மறித்தான். அடிக்கத்தான் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ, விடை தெரிந்தும் ஏன் வாயைத் திறப்பதில்லை, உதடு முணுமுணுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றான். அழுகையோடு கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவன் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். மாமாவிடம் சொல்லிவிடுவானே என்று எனக்குப் புதிய பயம் பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் அப்பா கடலில் இருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பின்னக் கணக்கை வாயால் சொல்ல, பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து விடை தெரியாமல் நின்றுவிட்டார்கள். கடைசியாக என்னிடம் வந்தது. விடை நாக்கு நுனியில் இருந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே சூசை மச்சான் என் முன்னால் வந்து முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்தான்.

“சொல்லுளா” என்றான் மெதுவாக. “அப்பாட்ட கயித்தப் பத்திக் கேட்டுட்டேன்.”

சொன்னேன். குட்டினேன். மதியம் மணி அடித்ததும் சோற்றுக்குப் போகாமல் கடற்கரைக்கு ஓடினேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேற, எங்கள் வள்ளத்தை மட்டும் காணவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அதுவும் வந்தது. அப்பா சங்குக் கூடையோடு இறங்கிக் கொட்டகைக்குப் போனார். மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் வந்து, சத்தம் போடாமல் கேட்டார்: “எம்மவன் தலையில குட்டு விழுந்ததுக்கு, நான் எந்தங்கச்சி தாலிய அறுப்பனாளா?” அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்காலர்ஷிப் கிடைத்து நான் பாளையங்கோட்டை விடுதிக்குப் போனேன். சூசை மச்சான் அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனான். மாமாவுக்குத் தோளில் வலு விட்டுப்போன பிறகு அப்பாவின் கயிறு அவன் கைக்கு வந்தது. விடுமுறையில் வந்தபோது அதைப் பார்த்த எனக்குப் பழைய பயம் ஒரு நொடி வந்து போனதென்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பள்ளிக்கூடங்களில் குட்டு இல்லை, போனது நல்லதுதான். சங்கு குளிக்கிற பையன்கள் வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். கயிறு பிடிக்க மச்சான் யாரும் தேவைப்படவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனிப் பரிசு என்று பேரன் பள்ளியில் விழா நடக்கும்போது, எல்லோரும் மேடையைப் பார்க்க, என் கண் கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் போய்விடுகிறது. என் அப்பா கடலில் சாகவில்லை. தலை நரைத்து, வீட்டுக் கட்டிலில் படுத்து, சூசை மச்சான் ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் இறந்தார். பாளையங்கோட்டையிலேயே குடித்தனமாகிவிட்ட நான் அங்கிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.