ட்யூபில் வந்த குமிழி

என் நாலு சக்கர மலை பைக்குக்கு பிரேக் ஆயில் மாற்ற, கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஒருவர் வெள்ளிமலைக்கே வந்தார். ஒற்றைக் காது உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். சிந்திய ஒவ்வொரு சொட்டையும் ஈரத்துணியால் உடனே துடைத்தார், பெயிண்டைத் தின்றுவிடுமாம்.

பிரேக்கை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. அவர் சக்கரத்தின் நட்டைத் திறந்து, அதில் செருகிய கண்ணாடி போன்ற ட்யூப் வழியே பழைய ஆயிலை வெளியே விடுவார். அவர் நட்டை மூடுமுன் நான் பிடியை விட்டால் காற்று புகுந்துவிடும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. கடைசிச் சக்கரத்தில் கை வலித்து விட்டுவிட்டேன்.

"வுட்டுட்டீங்களா?"

"இல்லையே."

அடுத்த அமுக்கலில் ட்யூபில் குமிழி வந்தது. இருவருமே பார்த்தோம்.

"சரி, மறுபடி அமுக்குங்க" என்றார். குமிழி நிற்கும்வரை அந்தச் சக்கரத்தை விடவில்லை.

முடித்ததும் சாவியை நீட்டினார். "இறக்கத்துல நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி குந்திக்கினு வரேன்."

கொண்டை ஊசி வளைவில் எனக்குத்தான் கை வேர்த்தது. அவர் என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை.